புரசம்பூவில் உண்மையில் வேலை செய்யும் பறவை எது? ஒரே பருவத்தில் சோதித்துப் பார்க்கும் வழி

மாசி பிறந்தால் புரச மரத்தில் இலை இருக்காது, பூதான். விடிந்ததும் மைனா, கரிச்சான், சின்னான், வால்காக்கை, தேன்சிட்டு, பச்சைக்கிளி என்று ஊரே வந்து இறங்கும். ஒரு படம் எடுத்து ‘மகரந்தச் சேர்க்கையில் பறவைகள்’ என்று தலைப்புப் போட்டுவிடத் தோன்றும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. பூவுக்கு வருவது வேறு, சேர்க்கை நடத்துவது வேறு. தேனைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிற கூட்டமும் அந்த மரத்தில் இருக்கிறது.

டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. புரசம்பூவுக்குப் பல இனப் பறவைகள் வந்தாலும், அவற்றில் உருப்படியாகச் சேர்க்கை நடத்தியது ஊதாத் தேன்சிட்டு ஒன்றுதான். அதற்குத் துணையாக வேலை செய்த இன்னொன்று பறவையே இல்லை, முதுகில் கோடு போட்ட அணில். உங்கள் ஊர் மரத்தில் நிலவரம் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். இரவல் தொலைநோக்கி ஒன்று, நான்கைந்து ஆயிரம் ரூபாய், ஒரு ஏணி, மூன்று மாதப் பொறுமை போதும். கல்லூரித் திட்டக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும், பள்ளியில் இயற்கை மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், சும்மா ஆர்வத்தில் இறங்குகிறவர்களுக்கும் இந்த முறை பொருந்தும்.

1. மார்கழிக்குள் மரத்தை முடிவு செய்யுங்கள்

புரசு, பலாசு, பொரசு என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். தாவரவியல் பெயர் பியூட்டியா மோனோஸ்பெர்மா. பெயரின் இரண்டாம் பாதிக்கு ‘ஒற்றை விதை’ என்று பொருள். காய் எண்ணும் கட்டத்தில் இது உதவும்.

ஒரு மரம் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏணியில் நின்று கை எட்டும் உயரத்தில், அதாவது 2 முதல் 4 மீட்டருக்குள், பூக்கிற கிளைகள் இருக்க வேண்டும். உச்சியில் மட்டும் பூக்கிற மரம் படத்துக்கு அழகு, சோதனைக்கு உதவாது. போன வருடம் பூத்ததா என்று நிலத்துக்காரரிடமோ ஆடு மேய்க்கிறவரிடமோ கேளுங்கள். சாலை அகலப்படுத்தக் குறியிட்ட மரமா என்றும் பாருங்கள். பட்டையில் வண்ணத்தில் எண் எழுதியிருந்தால் விசாரிக்காமல் கை வைக்காதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புரசு வேரிலிருந்து கன்று விடும் மரம். பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு மரங்கள் மண்ணுக்குக் கீழே ஒரே மரமாக இருக்கலாம். ‘வேறு மரத்தின் மகரந்தம்’ என்று நினைத்து நீங்கள் கொண்டுவந்து தடவுவது, அதே மரத்தின் மகரந்தமாகவே இருந்துவிடும். எனவே மகரந்தம் எடுக்கும் மரம் 300 மீட்டராவது தள்ளி, நடுவே சாலையோ வாய்க்காலோ வயலோ இருக்கும்படி அமையட்டும்.

2. அனுமதி: யாரிடம், என்ன தாள்

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த மரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கிளையில் எதைக் கட்டப்போகிறீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று எழுதி, ‘மே மாதம் முடியும்வரை இந்தக் கிளைகளை வெட்ட மாட்டோம்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதமே. விறகுக்குக் கிளை போய்விட்டால் மூன்று மாத வேலை அதோடு போகும். குத்தகைதாரர் வேறு ஆளாக இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள். அரிவாள் அவர் கையில்தான் இருக்கும்.

கோயில் மரம் என்றால் செயல் அலுவலர், கல்லூரி வளாகம் என்றால் முதல்வர், ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி அலுவலகம், நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையின் உட்கோட்ட அலுவலகம். தல விருட்சமாக நிற்கும் புரசில் கூண்டு கட்டக் கேட்காதீர்கள். தூரத்திலிருந்து பார்த்து எழுதுவதற்கு மட்டும் கேளுங்கள், கிடைத்துவிடும்.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சரணாலயத்துக்குள் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. விண்ணப்பத்தோடு இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- செய்யப்போகும் வேலையை இரண்டு பக்கத்தில் விளக்கும் குறிப்பு
- கல்லூரி அல்லது நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம்
- உள்ளே வரும் எல்லோருடைய அடையாள அட்டை நகலும் புகைப்படமும்
- தேதிகள், நேரம், வண்டி எண்
- மரங்கள் நிற்கும் இடத்தைக் குறித்த வரைபடம்
- பறவையைப் பிடிக்கவோ கூட்டைத் தொடவோ மாட்டோம் என்ற உறுதிமொழி

கடைசித் தாளை விட்டுவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் பறவையைப் பிடிப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடங்கும். வலை போட்டுப் பிடித்து நெற்றியில் மகரந்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். தனி அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் எந்த இடத்திலும் பறவையைத் தொடும் வேலை கிடையாது.

காட்டுக்குள் வேலை என்றால் ஐப்பசியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பூக்கிற நேரத்தில் விண்ணப்பித்தால் காய்க்கிற நேரத்தில் பதில் வரும். முதல் வருடம் பட்டா நிலமோ கல்லூரி வளாகமோ போதும் என்பதே என் கருத்து.

3. சாமான், செலவு

விலைகள் கடைக்குக் கடை மாறும். திட்டம் போட உத்தேசக் கணக்கு இது.

- 8×42 தொலைநோக்கி: 6,000 முதல் 12,000 ரூபாய். இரவல் கிடைத்தால் இரவல் வாங்குங்கள்.
- 10 மடங்கு கைலென்ஸ்: 200 முதல் 500
- பரிசுப் பொருள் போடும் ஆர்கன்சா துணிப்பை, பெரிய அளவு, 50: 500 முதல் 800
- முக்கால் அங்குலக் கண் உள்ள கோழிவலை, 10 அடி: 500 முதல் 1,000
- தேனில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று 0 முதல் 32 வரை காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர்: 1,000 முதல் 2,500
- இன்சுலின் சிரிஞ்சு, ஹைட்ரஜன் பெராக்சைடு, கூர்மையான இடுக்கி, கம்பளி நூல், பென்சில்: எல்லாம் சேர்த்து 500
- ஏணி: வாடகை, அல்லது பக்கத்து வீடு

பெயர்ச்சீட்டில் பேனாவால் எழுதினால் ஒரு பனி போதும், கரைந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள். கிளையில் கட்டும் நூல் வெள்ளையோ நீலமோ இருக்கட்டும். சிவப்பு நூலைக் கட்டினால் புரசம்பூவுக்கு நடுவில் உங்களாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

4. முதல் பூ மலர்ந்ததும் பத்துப் பூவைப் பிரித்துப் பாருங்கள்

இதைத் தாண்டிப்போனால் பின்னால் பார்க்கும் எதுவும் புரியாது. புதிதாக விரிந்த பூ ஒன்றை எடுத்துக் கைலென்ஸில் பாருங்கள். அடியில் வெல்வெட்டுப் போலப் பழுப்பும் கறுப்பும் கலந்த புல்லிவட்டம். அதன்மேல் ஐந்து அல்லிகள்: பின்பக்கம் மடங்கிய கொடி அல்லி ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறகு அல்லி இரண்டு, இரண்டு ஒட்டிக் கிளிமூக்குப் போல வளைந்த படகு அல்லி. மகரந்தத்தாள் பத்தும், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் அந்தக் கிளிமூக்குக்குள் ஒளிந்திருக்கும். பத்தில் ஒன்பது அடியில் குழாயாக இணைந்திருக்க, ஒன்று மட்டும் தனித்து நிற்கும். தேன் இருப்பது குழாயின் அடியில்.

ஒரு ஈர்க்குச்சியைத் தேன்சிட்டின் அலகாக நினைத்துக்கொண்டு, கொடி அல்லிக்கும் படகு அல்லிக்கும் நடுவே அடிவரை செலுத்துங்கள். படகு அல்லி எந்தப் பக்கம் நகர்கிறது? சூல்முடி எப்போது வெளியே எட்டிப் பார்க்கிறது? குச்சியில் எந்த இடத்தில் மகரந்தம் ஒட்டியது? நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி? இதைக் குறித்துக்கொண்டால், எந்த நீள அலகுள்ள பறவைக்கு உடம்பின் எந்தப் பகுதியில் மகரந்தம் படும் என்று உங்களுக்கே கணக்குக் கிடைத்துவிடும். பிறகு அதே குச்சியைப் பக்கவாட்டிலிருந்து, புல்லிவட்டத்தை ஒட்டி நுழையுங்கள். தேன் கிடைக்கும், சூல்முடி அசையவே அசையாது. திருட்டு வழி அதுதான்.

சூல்முடி எப்போது மகரந்தத்தை ஏற்கும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகும். சூல்முடியில் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பாருங்கள். குமிழி வந்தால் தயார். ஆனால் சூல்முடியில் ஏற்கெனவே மகரந்தம் ஒட்டியிருந்தாலும், இடுக்கி பட்டுக் காயமாகியிருந்தாலும் குமிழி வரும். அதனால் மொட்டிலேயே பையிட்டு, தொடாமல் விரியவிட்ட பூவில்தான் இதைச் செய்ய வேண்டும். சொட்டு விட்ட பூவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. உட்கார்ந்து பார்ப்பது: காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 6

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி 10 முதல் 15 மீட்டர் தள்ளி உட்காருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ‘மரத்தைப் பார்த்தேன்’ என்று எழுதினால் எதற்கும் உதவாது. எண்ணக்கூடிய ஒரு கிளையைத் தேர்ந்து, அதில் விரிந்த பூ எத்தனை என்று முதலில் எண்ணி எழுதிவிட்டு, பத்துப் பத்து நிமிடமாகப் பாருங்கள். நாளுக்கு 12 தடவை, மரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஒரு மரத்துக்குப் பத்து மணி நேரம் சேரும்.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பறவை, ஆணா பெண்ணா, எத்தனை பூவில் அலகை விட்டது, எந்த வழியாக விட்டது (முன்பக்கமா, பக்கவாட்டா), படகு அல்லி அசைந்ததா, தலையிலோ தொண்டையிலோ மஞ்சள் தூள் தெரிந்ததா, போகும்போது எங்கே போனது.

கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. ஒரு மரத்தைத் தன் சொத்தாக்கிக்கொண்டு, வருகிற எல்லோரையும் விரட்டிக்கொண்டு, நாள் முழுக்க அங்கேயே சுற்றும் ஆண் தேன்சிட்டு நூற்றுக்கணக்கான பூவைத் தொடும். ஆனால் அது கொண்டுசேர்ப்பது அதே மரத்தின் மகரந்தம். விரட்டப்பட்டு அடுத்த மரத்துக்கு ஓடும் பறவை ஐந்தே பூவைத் தொட்டிருக்கும், அந்த ஐந்தும் அயல் மகரந்தத்தோடு போகும். வருகை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாளிக்கு முதல் பரிசு கொடுத்துவிடுவீர்கள்.

பறவை அடையாளத்தில் மூன்று குழப்பம் வரும். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது பெண்ணைப் போல மங்கிவிடும், நெஞ்சின் நடுவில் கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். பருவத் தொடக்கத்தில் இப்படிப்பட்டவை இருக்கும், பெண் என்று எழுதிவிடாதீர்கள். லோட்டன் தேன்சிட்டும் கருநீலமாகத்தான் தெரியும், அலகின் நீளத்தையும் வளைவையும் பார்த்துப் பிரியுங்கள். கூட்டமாக வரும் சூறைக்குருவியில் இளம்பறவை மங்கிய பழுப்பாக இருக்கும், மைனா என்று போட்டுவிடுவார்கள். குளிர்கால விருந்தாளியான சூறைக்குருவி ஒரு நாள் இருநூறாக வரும், மறுநாள் ஒன்றுகூட இருக்காது. ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இந்தப் பறவையே போதும்.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அருகே வரவழைக்காதீர்கள். அது வந்தது பூவுக்காக அல்ல, சண்டைக்காக. உங்கள் கணக்கு கெட்டுவிடும்.

6. கீழே விழுந்த பூவைப் பெருக்கித் தள்ளாதீர்கள்

மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலை பத்து மணிக்கு அதில் விழுந்ததை வகை பிரித்தால், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததும் தெரிந்துவிடும். பூ அடியோடு கத்தரித்தது போல விழுந்து, புல்லிவட்டம் மென்று கசக்கியிருந்தால் கிளியின் வேலை. பூவை நறுக்கித் தேனை உறிஞ்சிவிட்டுத் துப்பும், சேர்க்கைக்கு அது நட்டம்தான். புல்லிவட்டத்துக்கு மேலே சின்னத் துளையோ கீறலோ இருந்தால் திருட்டு நடந்திருக்கிறது. தேன்சிட்டும் செய்யும், கருவண்டும் செய்யும். கருவண்டு இட்ட துளையைப் பிறகு எறும்பும் தேனீயும் பொதுவழி ஆக்கிக்கொள்ளும். கிளிமூக்கு அல்லி கிழிந்து மகரந்தப்பை காணாமல் போயிருந்தால் அணிலைச் சந்தேகப்படுங்கள். எதுவும் ஆகாமல் முழுதாக விழுந்த பூ, காலம் முடிந்து உதிர்ந்தது. நூறு பூ பிரித்தால் ஒரு மணி நேரம் ஆகும், ஒரு நாள் பார்வையைவிட அதிகமாகச் சொல்லும்.

7. பை, கூண்டு, கைச்சேர்க்கை

முழுக் கதையும் இதில்தான். ஒவ்வொரு மரத்திலும் பூக்களை ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள்.

- அ: ஒன்றும் செய்யாமல் நூல் மட்டும் கட்டியது. இயற்கை நிலவரம்.
- ஆ: மொட்டிலேயே துணிப்பை போட்டது. யாரும் வர முடியாது.
- இ: கோழிவலைக் கூண்டு. பூச்சி வரலாம், பறவையும் அணிலும் வர முடியாது.
- ஈ: பையிட்டு, தூரத்து மரத்தின் மகரந்தத்தைக் கையால் தடவியது.
- உ: பையிட்டு, அதே மரத்தின் மகரந்தத்தைத் தடவியது.

அ-வில் காய் பிடித்து, இ-யில் பிடிக்கவில்லை என்றால் வேலை செய்வது பறவையோ அணிலோதான். இரண்டிலும் ஒரே அளவு பிடித்தால், நீங்கள் எடுத்த பறவைப் படமெல்லாம் அழகுக்குத்தான், வேலை தேனீயுடையது. ஈ-யில் நிறையப் பிடித்து அ-வில் குறைவாக இருந்தால், அந்த ஊரில் மகரந்தம் கொண்டுவர ஆள் போதவில்லை என்று பொருள்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். புரசில் பூக்கிற அளவுக்குக் காய் பிடிக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அ-வில் 50 பூவுக்கு 3 காய், இ-யில் 50 பூவுக்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் சும்மா தற்செயலாகவே இப்படி அமைய ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதுவே 200 பூவுக்கு 10, 200 பூவுக்கு 2 என்றால், தற்செயலாக வர நூற்றில் நான்கு வாய்ப்புதான். மூன்று மரமும் சேர்த்துக் கூட்டத்துக்கு 200 பூ என்பதைக் குறைந்த அளவாக வையுங்கள். கைச்சேர்க்கைக்கு மட்டும் 60, 70 பூ போதும், அதற்குமேல் முதுகு தாங்காது.

கூண்டில் நடக்கும் கோளாறுகள் மூன்று. வலை பூவை ஒட்டி இருந்தால் தேன்சிட்டு வெளியே தொங்கிக்கொண்டே அலகை உள்ளே விட்டுக் குடித்துவிட்டுப் போகும். வலைக்கும் பூவுக்கும் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். 40 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள உருளையாக வலையைச் சுருட்டி, இரு முனையையும் மூடுங்கள். இரண்டாவது, கூண்டின் பாரம் பூக்கொத்தில் இறங்கினால் பூ தானாகவே உதிரும். மேலே உள்ள தடித்த கிளையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். மூன்றாவது, ‘கூண்டு போட்டதாலேயே காய் பிடிக்கவில்லையோ’ என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரு பொய்க்கூண்டு கட்டுங்கள்: அதே வலை, அதே அளவு, பக்கம் மட்டும் திறந்தது. பறவை வந்துபோக முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். பைகளையும் கூண்டுகளையும் தினமும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பிரிந்த நைலான் இழையில் சிட்டின் கால் சிக்கிக்கொள்ளும். எறும்பைத் தடுக்கக் கிளையில் கிரீஸோ பசையோ தடவாதீர்கள், அது இறகில் ஒட்டினால் அந்தப் பறவை பிழைக்காது. முசுறு எறும்பு இருக்கும் கிளையைத் தேர்வே செய்யாதீர்கள். உங்களுக்கும் ஏணிக்கும் நல்லது.

பறவையா அணிலா என்று பிரிக்க வேண்டுமா? பக்கத்து மரத்தோடு கிளை உரசாமல் தனித்து நிற்கும் மரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 60 செ.மீ. அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி வேண்டாம், கயிறு போதும். கட்டும் முன் மரத்தில் அணில் கூடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

கைச்சேர்க்கைக்கு, விரியப்போகும் மொட்டில் மகரந்தப்பை வெடிக்கும் முன் படகு அல்லியை இடுக்கியால் மெல்லப் பிளந்து, பத்து மகரந்தப்பைகளையும் எடுத்துவிட்டுத் துணிப்பை போடுங்கள். சூல்முடியைத் தொட்டுவிட்டால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை, அன்று விரிந்த பூவின் மகரந்தப்பையை இடுக்கியில் பிடித்துச் சூல்முடியில் நேரடியாகத் தடவலாம், தூரிகை தேவையில்லை. மகரந்தத்தைக் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வேர்த்துக் கெட்டுவிடும். ஒரு மரம் முடித்து அடுத்த மரத்துக்குப் போகும்போது இடுக்கியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

8. தேனை அளப்பது

முந்தின நாள் மாலை பையிட்ட பூக்களில், காலை 6 மணிக்குப் பத்தும் 10 மணிக்குப் பத்தும் அளங்கள். சிரிஞ்சால் அடியிலிருந்து உறிஞ்சுங்கள். மருந்துக்கடையில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு இருக்கும். யூ-40 என்று போட்டதில் ஒரு கோடு 25 மைக்ரோலிட்டர், யூ-100 என்று போட்டதில் ஒரு கோடு 10 மைக்ரோலிட்டர். (சில யூ-100 சிரிஞ்சில் ஒரு கோடு இரண்டு அலகைக் குறிக்கும், எண்ணைப் பார்த்து எண்ணுங்கள்.) இரண்டையும் கலந்து வாங்கி அளந்தால் அட்டவணை முழுக்கக் குப்பை.

ரிஃப்ராக்டோமீட்டரை வடிநீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பூவின் தேன் போதாவிட்டால் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். பறவைக்கான பூக்களில் தேன் நீர்த்திருக்கும், பெரும்பாலும் 25 சதவீதத்துக்குக் கீழே. வெயில் ஏறிய பிறகு 30ஐத் தாண்டிக் காட்டினால் தண்ணீர் வற்றியிருக்கிறது. பனி விழுந்த காலையில் பத்துக்கும் கீழே காட்டினால் பனிநீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

9. காய் எண்ணுவது: சித்திரை வரை பொறுங்கள்

பூ வாடியதும் ஆ, ஈ, உ பைகளைக் கழற்றிவிடுங்கள். போட்டே வைத்தால் வெப்பத்திலும் பூஞ்சையிலும் பிஞ்சு உதிரும். பூத்த பதினைந்தாம் நாள் ஒரு தடவை, நாற்பதாம் நாள் ஒரு தடவை எண்ணுங்கள். பதினைந்தாம் நாள் எண்ணிக்கையை வைத்து முடிவு எழுதக் கூடாது. தன் மகரந்தத்தில் பிடித்த பிஞ்சை மரம் பிறகு உதிர்ப்பது உண்டு.

இளங்காய் வெள்ளி போன்ற மயிரோடு தட்டையாகத் தொங்கும். விதை இருப்பது நுனியில், ஒன்றே ஒன்று. நுனியை விரலால் அழுத்தினால் தடிப்புத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதைத் தனிப் பத்தியில் ‘விதையற்ற காய்’ என்று எழுதுங்கள். சித்திரை, வைகாசிக் காற்றில் காய் பறந்துவிடும். அதற்குள் எண்ணி முடித்துவிடுங்கள்.

10. புரசு கிடைக்காவிட்டால்

முள்ளிலவு நல்ல மாற்று. பெரிய சிவப்புப் பூ, கிண்ணம் போலத் திறந்தது. இங்கே அளவு தலைகீழாகும். மைனாவும் காக்கையும் தலையை விட்டால் மகரந்தம் அப்பிக்கொள்ளும், தேன்சிட்டின் சின்ன உடம்பு தாள்களைத் தொடாமலேயே பக்கவாட்டில் புகுந்து திரும்பிவிடக்கூடும். இரவில் வௌவாலும் வரும். ஆகவே பையைப் பகலில் மட்டும் போட்ட கூட்டம், இரவில் மட்டும் போட்ட கூட்டம் என்று இரண்டு கூடுதலாக வேண்டும். பஞ்சுக்கு வளர்க்கும் வெள்ளைப் பூ இலவம் வேறு மரம். அது இரவில் விரியும் வௌவால் பூ, பறவைக் கணக்குக்கு அதை எடுக்காதீர்கள்.

கல்யாண முருங்கையில் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பறவையின் தொண்டையிலும் நெஞ்சிலும் மகரந்தம் படுவது கண்ணுக்கே தெரியும், பழகுவதற்கு நல்ல மரம். ஆனால் கொடிக்காலில் வருடா வருடம் கழிக்கும் மரம் சரியாகப் பூக்காது. இலையிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் குளவி தாக்கிய மரம், அதையும் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எந்த மரமானாலும் கிளையில் புல்லுருவி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூங்கொத்தி அங்குமிங்கும் பறப்பதைப் பார்த்து, மரத்துப் பூவுக்கு வந்தது என்று எழுதிவிடுவோம், அது வந்தது புல்லுருவிக்கு. நீண்ட குழாய் போன்ற அந்த மொட்டு தானாக விரியாது. பூங்கொத்தி அலகால் நுனியை ஒரு அழுத்து அழுத்தும், மொட்டு பட்டென்று வெடித்து மகரந்தம் அதன் முகத்தில் தெறிக்கும். காலை ஏழு மணிக்கு முற்றிய மொட்டு ஒன்றை விரல் நுனியால் நீங்களும் லேசாக அழுத்திப் பாருங்கள், சத்தம்கூடக் கேட்கும்.